இணைப்பில்லாமல் போய்ச் சேர்ந்த அறிக்கை: கட்டளை வரி மின்னஞ்சல் ஸ்கிரிப்ட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பல கிளைகளைக் கொண்ட ஒரு விநியோக நிறுவனத்தில், நாள்தோறும் அதிகாலையில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் சிறு நிரல்) ஓடி, முந்தைய நாளின் விற்பனை விவரங்களைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, ஒரு சிஎஸ்வி கோப்பாகவும் ஒரு பிடிஎஃப் சுருக்கமாகவும் எழுதி, இரண்டையும் மின்னஞ்சலில் இணைத்துக் கணக்குப் பிரிவுக்கும் வெளித் தணிக்கையாளருக்கும் அனுப்பி வந்தது. நீண்ட காலம் யாரும் கை வைக்கத் தேவையில்லாமல் ஓடிய ஸ்கிரிப்ட் அது. பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு எல்லாவற்றையும் நகர்த்திய பிறகும் அது ஓடியது. குறித்த நேரத்தில், சரியான தலைப்புடன், சரியான முகவரிகளுக்கு அஞ்சல் வந்துகொண்டிருந்தது. இணைப்புகள் மட்டும் வரவில்லை.

ஸ்கிரிப்ட்டின் பதிவுக் கோப்பில் ஒவ்வொரு நாளும் 'அனுப்பப்பட்டது' என்றே எழுதப்பட்டிருந்தது. அஞ்சல் கட்டளை முடியும்போது திருப்பித் தரும் எண் பூஜ்யமாக இருந்ததால், ஸ்கிரிப்ட் அதை வெற்றியாகக் கொண்டது. கணக்குப் பிரிவினர், சர்வர் மாற்றத்தின்போது அறிக்கை தற்காலிகமாக நிறுத்தப்பட்டிருக்கலாம் என்று கருதி விட்டுவிட்டனர். தணிக்கையாளர் கோப்புகளைக் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. ஒரு பிழை அறிவிப்புகூட இல்லாமல் இப்படி நடக்க முடிந்தது எப்படி என்பதைத் தேடியபோது, ஒரு காரணத்தின் பின்னால் வேறு சில குறைகளும் வரிசையாக நின்றன. அவற்றுள் சில பழைய சர்வர் காலத்திலிருந்தே இருந்தவை.

ஒரே எழுத்து, எதிரெதிர் பொருள்

ஸ்கிரிப்ட்டின் கடைசிப் பகுதி எளிமையானது. உடலுரையாக இரண்டு வரித் தமிழ் வாசகத்தைக் குழாய்க் குறியின் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குத் தரும் குறி) வழியாக, அஞ்சல் அனுப்பும் மெயில்எக்ஸ் கட்டளைக்குக் கொடுத்து, சிறுகோட்டுடன் கூடிய சிறிய 'ஏ' என்ற விருப்பத்தை இருமுறை பயன்படுத்தி இரு கோப்புகளின் பாதைகளையும் குறிப்பிட்டு, முகவரிகளைக் கடைசியில் தந்திருந்தார்கள். பழைய சர்வர் லினக்ஸ் இயங்குதளத்தின் ரெட் ஹாட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதிலிருந்தது குன்னர் ரிட்டர் உருவாக்கிய ஹெய்ர்லூம் மெயில்எக்ஸ். அதில் சிறிய 'ஏ' என்றால் 'இந்தக் கோப்பை இணை' என்று பொருள். புதிய சர்வரில் இருந்தது டெபியன் என்ற மற்றொரு லினக்ஸ். அதில் நிறுவப்பட்டிருந்தது பிஎஸ்டி-மெயில்எக்ஸ். அதில் அதே சிறிய 'ஏ', 'இந்த வரியைத் தலைப்புப் பகுதியில் கூடுதலாகச் சேர்' என்று பொருள்படும். தலைப்புப் பகுதி என்பது உடலுரைக்கு முன் அனுப்புநர், பெறுநர் போன்ற விவரங்கள் வரிவரியாக நிற்கும் இடம். க்னூ மெயில்யூட்டில்ஸ் என்ற மூன்றாவது நிரலிலும் சிறிய 'ஏ' தலைப்பு வரிக்கே உரியது; கோப்பை இணைக்கப் பெரிய 'ஏ'யைப் பயன்படுத்த வேண்டும்.

ஆகவே புதிய சர்வரில் கோப்பின் பாதையே ஒரு தலைப்பு வரியாக அஞ்சலுக்குள் திணிக்கப்பட்டது. தலைப்பு வரி என்றால் பெயரும் முக்காற்புள்ளியும் மதிப்பும் இருக்க வேண்டும். கோப்பின் பாதையில் முக்காற்புள்ளி கிடையாது. அப்படிப்பட்ட ஒரு வரியைக் கண்டதும், தலைப்புகள் முடிந்து உடலுரை தொடங்கிவிட்டது என்று அஞ்சலைக் கொண்டுசெல்லும் சர்வர் நிரலான போஸ்ட்ஃபிக்ஸ் முடிவு செய்கிறது. பெறுநர்களுக்கு வந்த அஞ்சல்களின் உச்சியில் இரண்டு கோப்புப் பாதைகள் வெறும் எழுத்தாகக் கிடந்ததன் காரணம் இதுதான். அந்த இரண்டு வரிகளும் முதல் நாளிலிருந்தே எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தன. அவற்றின் பொருள் தெரிந்த எவரும் அந்த அஞ்சலைப் பெறுவோர் பட்டியலில் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு எந்த ஒரு நிரலையும் குறை சொல்வதற்கில்லை. 1978இல் கர்ட் ஷோயன்ஸ் பெர்க்லியில் மெயில் நிரலை எழுதியபோது இணைப்பு என்ற கருத்தே மின்னஞ்சலில் இல்லை. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்காகப் பின்னர் வந்த போசிக்ஸ் தரமும் மெயில்எக்ஸ் கட்டளைக்குக் கோப்பு இணைக்கும் விருப்பம் எதையும் வரையறுக்கவில்லை. தரம் பேசாமல் விட்ட இடத்தில் ஒவ்வொருவரும் தமக்குப் பொருத்தமாகத் தோன்றிய எழுத்தைத் தேர்ந்தெடுத்தனர். பெயர் ஒன்றாகவும் நிரல் வேறாகவும் இருக்கும் இந்த நிலையைக் கட்டளை வரியில் அஞ்சல் அனுப்பும் ஒவ்வொருவரும் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

சிறிய 'ஏ'யைப் பெரிய 'ஏ'யாக மாற்றி, மெயில்யூட்டில்ஸை நிறுவிவிட்டால் போதும் என்பதே முதலில் வந்த யோசனை. அன்றைய அவசரத்துக்கு அது உதவியிருக்கும். ஆனால் டெபியனில் மெயில்எக்ஸ் என்ற பெயர் எந்த நிரலைச் சுட்டுகிறது என்பதை மாற்றுத் தேர்வு அமைப்பு ஒன்று தீர்மானிக்கிறது. நாளை வேறொரு தொகுப்பை நிறுவும்போதோ நீக்கும்போதோ அந்தச் சுட்டு மாறக்கூடும். அப்போதும் ஸ்கிரிப்ட் இதே போல எதையோ அனுப்பிவிட்டு வெற்றி என்று எழுதும். இயந்திரத்துக்கு இயந்திரம் பொருள் மாறும் ஒரு எழுத்தை நம்பி நிதி விவரங்களை அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆய்வின் மீதிப் பகுதி முழுவதும் அந்தக் கருத்திலிருந்தே நகர்ந்தது.

பழைய வழி ஒன்றும் பரிந்துரைக்கப்பட்டது. கோப்பை யூயூஎன்கோட் கட்டளையால் எழுத்துகளாக மாற்றி உடலுரையுடன் சேர்த்து அனுப்புவது அது. மேரி ஆன் ஹார்ட்டன் 1980இல் பெர்க்லியில் உருவாக்கிய அந்த முறை அக்காலத்துக்குப் பெரும் உதவி. இன்றும் சில அஞ்சல் செயலிகள் அதைக் கண்டறிந்து இணைப்பாகக் காட்டுகின்றன. பல செயலிகளிலோ பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்துகள்தான் தெரியும். பெறுநர் எதில் திறப்பார் என்பது நம் கையில் இல்லாத நிலையில் இந்த வழி ஒதுக்கப்பட்டது.

இணைப்பு என்பது உண்மையில் என்ன

இங்கே சற்று நின்று, இணைப்பு எப்படி அமைகிறது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது. 1982இல் வெளிவந்த ஆர்எஃப்சி 822 என்ற இணையத் தர ஆவணம் மின்னஞ்சலை வெறும் எழுத்தாகவே வரையறுத்தது. ஒவ்வொரு எழுத்தும் 7 பிட் ஆஸ்கி, அதாவது ஆங்கில எழுத்துகளுக்கான குறியீடு. அஞ்சலைச் சர்வர்களுக்கிடையே கடத்தும் அதே ஆண்டின் எஸ்எம்டிபி நெறிமுறை ஒரு வரி, முடிவுக் குறிகளையும் சேர்த்து, 1000 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்றது. அந்தக் குழாய் வழியே ஒரு படத்தையோ தமிழ் உரையையோ நேரடியாகச் செலுத்த இயலாது. நதானியேல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் உருவாக்கிய மைம் தரம் 1992இல் இதற்கு வழி தந்தது. அவ்வாண்டு மார்ச் 11 அன்று போரன்ஸ்டீன் மைம் முறையிலான முதல் இணைப்பை அனுப்பினார். தாம் பாடிய நால்வர் குழுவின் புகைப்படமும் பாடல் பதிவும் அதில் இருந்தன. இன்றும் நடைமுறையில் இருக்கும் வடிவம் 1996இல் ஆர்எஃப்சி 2045 முதல் 2049 வரையிலான ஆவணங்களில் திருத்தி வெளியிடப்பட்டது.

மைம் அஞ்சலைத் திறந்து பார்த்தால் அது இப்போதும் எழுத்துதான். தலைப்புப் பகுதியில் 'மல்டிபார்ட்/மிக்ஸ்டு' என்ற வகையும், பகுதிகளைப் பிரிக்கும் எல்லைச் சரம் எது என்ற அறிவிப்பும் இருக்கும். பிறகு ஒரு வெற்று வரி. அதன் பின் இரண்டு சிறுகோடுகளுடன் எல்லைச் சரம், அந்தப் பகுதிக்கான தனித் தலைப்புகள், மீண்டும் ஒரு வெற்று வரி, அதன் உள்ளடக்கம். கோப்பானால் உள்ளடக்கம், எந்தப் பைட்டையும் எளிய எழுத்துகளாக்கும் பேஸ்64 முறையில் வரிக்கு 76 எழுத்துகளாக எழுதப்பட்டிருக்கும். எல்லாப் பகுதிகளும் முடிந்ததும், எல்லைச் சரத்தின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு சிறுகோடுகள் வைத்து முடிவு அறிவிக்கப்படும்.

இவ்வளவுதானே என்று, இந்த எழுத்து முழுவதையும் ஷெல் ஸ்கிரிப்ட்டிலேயே கையால் கட்டி சென்ட்மெயில் கட்டளைக்கு அனுப்புவோர் பலர். கற்றுக்கொள்வதற்கு அதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. ஒருமுறையேனும் எல்லோரும் செய்து பார்க்க வேண்டும். அன்றாடப் பணிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையே ஒரு வெற்று வரி விடுபட்டால் கோப்பின் முதல் வரிகள் தலைப்பாக விழுங்கப்படும். கோப்பின் பெயரில் தமிழ் எழுத்து இருந்தால் அதை ஆர்எஃப்சி 2231 சொல்லும் முறையில் குறியிட வேண்டும். யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். விழுக்காட்டுக் குறியுடன் எழுதும்போது அது ஒன்பது எழுத்தாக நீளும். உயிர்மெய்யில் மெய்யும் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் ஓர் எழுத்துக்குப் பதினெட்டுகூட ஆகும். ஷெல்லில் இதைப் பிழையின்றிச் செய்து பராமரிப்பது வீண் உழைப்பு.

இடைக்காலத் தீர்வும் நிலையான தீர்வும்

அறிக்கை உடனடியாகப் போயாக வேண்டியிருந்ததால் முதலில் மட் என்ற அஞ்சல் நிரலைப் பயன்படுத்தினார்கள். அதில் சிறிய 'ஏ' கோப்பை இணைப்பதற்கே. ஒரு விருப்பத்தின் பின் பல கோப்புகளை வரிசையாகத் தரலாம். பட்டியல் முடிந்ததைக் காட்ட, முகவரிகளுக்கு முன் இரண்டு சிறுகோடுகளைத் தனியாக எழுத வேண்டும். அவற்றை விட்டுவிட்டால் முகவரியையும் கோப்பாகவே எடுத்துக்கொண்டு, அப்படிக் கோப்பு இல்லையென்று நின்றுவிடும். அது நல்லதே, நின்றுவிடும் பிழை மறைந்திருக்கும் பிழையைவிட மேலானது.

மட்டில் கவனிக்க வேண்டிய மற்றொன்று, அனுப்பிய அஞ்சலின் நகலை அது இயல்பாகவே பயனரின் வீட்டு அடைவில் ஒரு கோப்பில் சேர்த்துவைக்கும். மனிதர் பயன்படுத்தும் நிரலுக்கு அது சரிதான். நாள்தோறும் இரு இணைப்புகளை அனுப்பும் ஸ்கிரிப்ட்டுக்கோ அந்தக் கோப்பு வளர்ந்துகொண்டே போய் வட்டை நிரப்பும். போதாததற்கு நிதி விவரங்களின் நகலும் யாரும் எண்ணிப் பார்க்காத இடத்தில் தேங்கும். நகலெடுப்பதை அணைக்கும் அமைப்பைக் கட்டளையிலேயே கொடுத்து அதைத் தடுத்தார்கள்.

நிலையான தீர்வாகப் பைத்தான் மொழியின் இயல்பு நூலகம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வெளியிலிருந்து எதையும் நிறுவத் தேவையில்லை என்பதும், எந்த இயந்திரத்திலும் ஒரே பொருளில் இயங்கும் என்பதும் முதன்மைக் காரணங்கள். ஈமெயில்மெசேஜ் என்ற வகுப்பில் உடலுரையை வைத்து, இணைப்புச் சேர்க்கும் செயற்கூறுக்குக் கோப்பின் பைட்டுகளையும் வகையையும் பெயரையும் தந்தால், எல்லைச் சரம், பேஸ்64, தமிழ்ப் பெயருக்கான குறியீடு ஆகிய அனைத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கோப்பு இல்லையென்றாலோ வெறுமையாக இருந்தாலோ அஞ்சல் அனுப்பாமல் பிழை எண்ணுடன் நிற்குமாறு நிரல் எழுதப்பட்டது.

பைத்தானின் எஸ்எம்டிபி நூலகத்தில் ஒரு நுட்பம் உண்டு. அதை எளிதில் தவறவிட்டுவிடலாம். பெறுநர்கள் அனைவரையும் சர்வர் மறுத்தால்தான் அது பிழையை எழுப்பும். இருவரில் ஒருவரை ஏற்று மற்றவரை மறுத்தால், அனுப்புதல் வெற்றியாகவே முடியும். மறுக்கப்பட்டவரின் முகவரி, திருப்பித் தரப்படும் ஓர் அகராதியில் (பெயரும் மதிப்பும் கொண்ட பட்டியல்) இருக்கும். தணிக்கையாளர் முகவரி மட்டும் மறுக்கப்படும் நாளில் அது யாருக்கும் தெரியாமல் போகக் கூடாது. எனவே அந்த அகராதி வெறுமையாக இல்லாவிட்டால் அதுவும் தோல்வியாகவே பதிவாகிறது.

கடவுச்சொல்லைக் கட்டளையின் பகுதியாகத் தரும் பழக்கமும் இங்கே நின்றது. ஓடும் நிரல்களின் பட்டியலைக் கேட்கும் எந்தப் பயனருக்கும் கட்டளை வரி முழுமையாகத் தெரியக்கூடும். இப்போது அது, ஸ்கிரிப்ட்டின் உரிமையாளர் மட்டுமே படிக்கக்கூடிய, 600 அனுமதி கொண்ட கோப்பிலிருந்து படிக்கப்படுகிறது.

மாதக் கடைசியில் மறைந்த அஞ்சல்கள்

பழைய சர்வரை அணைப்பதற்கு முன் அதன் அஞ்சல் பதிவுகளைப் படித்ததில், சர்வர் மாற்றத்துக்குத் தொடர்பில்லாத ஒரு குறை தெரிந்தது. மாதக் கடைசியில் அறிக்கை பெரிதாகும். அந்த நாட்களில் சில அஞ்சல்கள் தணிக்கையாளருக்குப் போகவே இல்லை. அவற்றைப் பற்றிய திரும்பல் அறிவிப்புகள் அனைத்தும் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் பயனரின் உள்ளூர் அஞ்சல் பெட்டியில் குவிந்திருந்தன. அந்தப் பெட்டியை யாரும் திறந்ததில்லை.

அளவுக் கணக்கு எல்லா இணைப்புகளுக்கும் பொருந்துவதால் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேஸ்64 முறை மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக்குகிறது. ஒரு வரியின் 76 எழுத்துகளில் அடங்குவது 57 பைட். வரி முடிவுக் குறிகள் இரண்டையும் சேர்த்தால் 57 பைட்டுக்கு 78 பைட் செலவாகிறது. அதாவது கோப்பு அஞ்சலில் ஏறும்போது ஏறத்தாழ 37 விழுக்காடு பெருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஏற்கும் அஞ்சலின் உச்ச அளவு 10240000 பைட். இந்தக் கணக்கின்படி அதில் ஏற்றக்கூடிய கோப்புகளின் மொத்த அளவு 74 லட்சத்து 80 ஆயிரம் பைட்டுக்குச் சற்றே மேல். தலைப்புகளும் உடலுரையும் அதிலும் சிறிது எடுத்துக்கொள்ளும். 8 எம்பி கோப்பை 10 எம்பி வரம்புக்குள் அனுப்பிவிடலாம் என்று எண்ணுவது இயல்பு, ஆனால் அது போகாது.

உள்ளூர் சர்வரின் வரம்பை உயர்த்துவது பாதித் தீர்வே. அஞ்சல் கடந்து செல்லும் ஒவ்வொரு சர்வருக்கும் தனி வரம்பு உண்டு. உள்ளூர் சர்வர் ஏற்றுக்கொண்ட அஞ்சலை அடுத்த சர்வர், அளவு மிகுதி என்பதைக் குறிக்கும் 552 என்ற விடையுடன் மறுக்கும்போது ஸ்கிரிப்ட் எப்போதோ முடிந்திருக்கும். அதன் பிறகு அந்தச் செய்தி திரும்பி வருவதற்கு இருக்கும் ஒரே வழி, எஸ்எம்டிபி உரையாடலில் தரப்படும் உறை அனுப்புநர் முகவரி. 'அனுப்புநர்' என்று பெறுநருக்குத் தெரியும் தலைப்பு வரியும் இதுவும் வேறு வேறு. அதைக் குறிப்பிடாமல் விட்டால் உள்ளூர்ப் பயனரின் பெயரும் இயந்திரத்தின் பெயரும் சேர்ந்த முகவரி அங்கே போய்விடும். புதிய நிரலில் உறை அனுப்புநராக, கணினிப் பிரிவினர் நாள்தோறும் பார்க்கும் ஒரு பெட்டி தரப்பட்டுள்ளது. இந்த ஆய்வில் செய்யப்பட்ட மாற்றங்களுள் மிகச் சிறியதும் மிகப் பயனுள்ளதும் இதுவே என்று நான் கருதுகிறேன்.

சிஎஸ்வி கோப்பு ஜிஜிப் மூலம் சுருக்கப்படுகிறது. எழுத்துக் கோப்பு என்பதால் நன்றாகச் சுருங்குகிறது. அதற்குப் பிறகும் மொத்த அளவு நிர்ணயித்த எல்லையைத் தாண்டினால், கோப்பு உள் சர்வர் ஒன்றில் வைக்கப்பட்டு, அதைப் பெறும் முகவரி மட்டும் அஞ்சலில் போகிறது. கோப்பைத் துண்டுகளாக வெட்டிப் பல அஞ்சல்களில் அனுப்பும் யோசனையும் வந்தது. துண்டுகளைச் சரியான வரிசையில் ஒட்டும் வேலையைக் கணக்குப் பிரிவின் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பதால் அது கைவிடப்பட்டது.

க்ரான் சூழலும் தமிழ் உடலுரையும்

உடலுரை தமிழில் இருப்பதால் இன்னொரு சிக்கலும் ஆராயப்பட்டது. பழைய ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் மொழிச் சூழலை யூடிஎஃப்-8 ஆக அமைக்கும் ஒரு வரி இருந்தது. ஏன் இருக்கிறது என்று எந்தக் குறிப்பும் இல்லை. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் க்ரான் அவற்றுக்கு மிகக் குறைந்த சூழலையே தருகிறது. பயனர் உள்நுழையும்போது கிடைக்கும் மொழி அமைப்பு அங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. அந்நிலையில் ஹெய்ர்லூம் மெயில்எக்ஸ் ஆஸ்கிக்கு வெளியே உள்ள பைட்டுகளை எழுத்தாகக் கருதாமல், உடலுரை முழுவதையும் இனம் தெரியாத இருமக் கோப்பாக அறிவித்துவிடும். அவுட்லுக்கில் அது உடலுரை இல்லாத அஞ்சலாகவும், ஏடிடி00001 என்ற பெயருள்ள இணைப்பாகவும் தோன்றும். கையால் ஓட்டினால் சரியாகப் போகும் அஞ்சல் க்ரானில் ஓடும்போது கெடுவதற்கு இதுவே வழக்கமான காரணம். அந்த ஒற்றை வரியைத் தேவையற்றதென்று யாராவது நீக்கியிருந்தால் பழைய சர்வரிலேயே சிக்கல் தொடங்கியிருக்கும். பைத்தான் நிரலில் உடலுரை யூடிஎஃப்-8 என்று நிரலே அறிவிப்பதால் சூழலை நம்ப வேண்டியதில்லை. தமிழ்ப் பெயர்கள் உள்ள சிஎஸ்வி கோப்பை எக்செல் சரியாகத் திறக்க, கோப்பின் தொடக்கத்தில், அது யூடிஎஃப்-8 என்று காட்டும் பைட் வரிசைக் குறி எழுதப்படுகிறது.

க்ரான் அட்டவணையில் விழுக்காட்டுக் குறி புதிய வரியாகக் கொள்ளப்படும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கோப்பின் பெயரில் தேதி சேர்க்கும் கட்டளையை அட்டவணையிலேயே எழுதினால் அது பாதியில் அறுபடும். ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதினால் சிக்கல் இல்லை.

பாதி எழுதப்பட்ட கோப்பு அஞ்சலில் ஏறுவதைத் தடுப்பதும் எளிது. அறிக்கை தற்காலிகப் பெயரில் எழுதப்பட்டு, முழுமையடைந்த பிறகே உரிய பெயருக்கு மாற்றப்படுகிறது. ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றம் ஒரே செயலாக நடப்பதால், அனுப்பும் நிரலின் கண்ணில் படுவது முழுக் கோப்பு மட்டுமே.

போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி

கட்டளை தந்த பூஜ்யத்தின் பொருள், அஞ்சலை அடுத்த கைக்குக் கொடுத்தாயிற்று என்பது மட்டும். பெறுநரிடம் இணைப்புடன் சேர்ந்ததை அது சொல்வதில்லை. ஆகவே சரிபார்ப்பு அனுப்பும் பக்கத்திலிருந்து பெறும் பக்கத்துக்கு நகர்த்தப்பட்டது. ஒவ்வொரு அறிக்கையின் நகலும், நிறுவனத்துக்கு வெளியே வேறொரு அஞ்சல் சேவையில் உள்ள ஒரு பெட்டிக்கும் போகிறது. சிறிது நேரம் கழித்து ஒரு தனி நிரல், அஞ்சல் பெட்டியைப் படிப்பதற்கான ஐமேப் நெறிமுறை வழியாக அந்தப் பெட்டியைத் திறந்து, அன்றைய அஞ்சலைத் தேடி, இரண்டு இணைப்புகள் உள்ளனவா என்று பார்த்து, அவற்றின் எஸ்எச்ஏ-256 மதிப்பை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும், கைரேகை போன்ற எண்) அனுப்பும்போது பதிவான மதிப்புடன் ஒப்பிடுகிறது. ஒன்று குறைந்தாலும் குறுஞ்செய்தி வழியாக எச்சரிக்கை போகும். அஞ்சல் வழியே பழுதடைந்திருக்கும்போது எச்சரிக்கையையும் அதே வழியில் அனுப்புவதில் பயனில்லை. அஞ்சலின் தனி அடையாளமான மெசேஜ்-ஐடியும் பதிவாவதால், போஸ்ட்ஃபிக்ஸ் பதிவில் அந்த ஒரு அஞ்சலின் பயணத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பார்க்க முடிகிறது.

சரிபார்ப்புப் பெட்டியை ஏற்படுத்தும்போது எழுந்த ஒரு கேள்விக்கு மட்டும் முடிவு நிலுவையில் உள்ளது. அஞ்சல் ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது குறியாக்கம் செய்யப்பட்டாலும், ஒவ்வொரு சர்வரிலும் அது திறந்த நிலையில் வாசிக்கத்தக்கதாகவே இருக்கிறது. விற்பனை விவரங்களை இணைப்பதற்கு முன்பே தணிக்கையாளரின் பொதுத் திறவியால் (அதற்கு இணையான தனித் திறவி உள்ளவரே திறக்கக்கூடியவாறு பூட்டும் சாவி), ஜிபிஜி என்ற குறியாக்க நிரல் மூலம் பூட்டிவிடலாம். உள்ளடக்கம் அப்போது மறையும், கோப்பின் பெயரும் அஞ்சலின் தலைப்பும் மறையா. தணிக்கையாளர் தரப்பு அதற்கான திறவியை உருவாக்கித் தர இசைந்துள்ளது. கணக்குப் பிரிவில் அந்தக் கோப்புகளை யார் திறப்பது, அந்தத் திறவியை யார் காப்பது என்பது பேசப்பட்டு வருகிறது. அது முடியும்வரை பெயரிலிருந்து கிளை விவரம் நீக்கப்பட்டு, கோப்புகள் தேதியை மட்டும் தாங்கிச் செல்கின்றன.